மரிக்கொழுந்துக்கும் இடம் வேண்டும்: ஆங்குலர் மெட்டீரியலில் தமிழ் டேப் தலைப்புகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குத் திரை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏழு டேப்: மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, அரளி, மரிக்கொழுந்து. ஒவ்வொரு தலைப்பிலும் பூவின் பெயரும், அன்றைக்கு வந்து இறங்கிய கிலோவும் தெரிய வேண்டும். விடியுமுன்னே, ஈரக்கையோடு, ஃபோனில் பார்க்கிற திரை.

ஆங்குலர் மெட்டீரியலின் (ஆங்குலருக்கான ஆயத்தத் திரை உறுப்புத் தொகுப்பு) டேப், ஆங்கிலத்தில் நாலெழுத்துத் தலைப்பாக எழுதிப் பார்க்கும்வரை சமர்த்தாக இருக்கும். தமிழில் பெயர் எழுதி, எண்ணும் சேர்த்து, அகலத்திலும் கை வைத்தால்தான் அதன் குணம் தெரியும். வருகிற கோளாறில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: தலைப்பு வரிசை தன்னைத்தானே அளந்துகொள்கிற பொருள். எத்தனை டேப் அடங்கும், அம்புக்குறி வேண்டுமா, எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்குத் தெரியாமல் நாம் எதையாவது மாற்றினால் அங்கேதான் இடிக்கும். நிறம், கோடு எல்லாம் அதற்கு அப்புறம்.

லேபிளா, டெம்ப்ளேட்டா

மேட்-டேப்புக்கு 'லேபிள்' என்ற பண்பு இருக்கிறது. அது வெறும் எழுத்தை மட்டும் ஏற்கும். ஐகானோ எண்ணோ வேண்டுமென்றால் டேப்புக்குள் ஒரு இங்-டெம்ப்ளேட் வைத்து, அதன்மேல் மேட்-டேப்-லேபிள் என்ற டைரக்டிவைப் போட வேண்டும். இரண்டையும் கொடுத்தால் டெம்ப்ளேட்தான் தெரியும்.

இங்கே சத்தமில்லாமல் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ஸ்டாண்டலோன் காம்பொனென்டில் டேப்-குரூப்பையும் டேப்பையும் மட்டும் இம்போர்ட் செய்துவிட்டு மேட்-டேப்-லேபிளை விட்டுவிட்டால், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. டெம்ப்ளேட் மேல் எழுதியது அதற்கு வெறும் அட்ரிபியூட். தலைப்பு காலியாக நிற்கும், கன்சோலும் சுத்தமாக இருக்கும். காலித் தலைப்பைப் பார்த்தால் சிஎஸ்எஸ்ஸைத் தோண்டுவதற்கு முன் இம்போர்ட் பட்டியலைப் பாருங்கள். டேப்ஸ் மாட்யூலை முழுதாக இம்போர்ட் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

டெம்ப்ளேட்டுக்குள் மூன்று துண்டு போதும்: ஐகான், பெயருக்கு ஒரு ஸ்பேன், கிலோவுக்கு ஒரு ஸ்பேன். பெயரை ஸ்பேனில் போடாமல் வெறுமனே விடாதீர்கள். காரணம் கீழே வரும்.

சிஎஸ்எஸ் ஏன் எட்டவில்லை

காம்பொனென்டின் ஸ்டைல் ஃபைலில் டேப்புக்கு பேடிங் எழுதுகிறோம், ஒன்றும் நடப்பதில்லை. டெம்ப்ளேட்டுக்குள் நாம் எழுதிய ஸ்பேன் நம்முடையது, அதற்கு நம் ஸ்டைல் எட்டும். அதைச் சுற்றியிருக்கும் டேப் பெட்டியை வரைவது மெட்டீரியல். ஆங்குலரின் ஸ்டைல் என்கேப்சுலேஷன் நம் காம்பொனென்டின் விதியை அந்தப் பெட்டிக்குள் விடாது. அந்தத் தடையைத் தாண்டுகிற இங்-டீப் போட்டால் வேலை செய்யும். ஆனால் அது எப்போதோ கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட வழி, புதுக் கோடில் வேண்டாம்.

நான் போகச் சொல்லும் வரிசை இது. முதலில் டேப்-குரூப்பே கொடுக்கிற பண்புகள்: டேப்களை இழுத்து நிரப்புவதா, எந்தப் பக்கம் ஒதுக்குவது, அனிமேஷன் எவ்வளவு நேரம், கோடு எழுத்தளவுக்கு மட்டுமா. 15-ஆம் பதிப்பிலிருந்து டேப்கள் முழு அகலத்துக்கும் இழுபட்டு நிற்பதுதான் இயல்பு. பழைய தோற்றம் வேண்டுமென்றால் மேட்-ஸ்ட்ரெச்-டேப்ஸை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். பதிப்பு மாற்றியதும் "டேப்பெல்லாம் ஏன் இப்படி அகன்றுபோச்சு" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்து தீம். 19-ஆம் பதிப்பிலிருந்து டேப்ஸ்-ஓவர்ரைட்ஸ் என்ற மிக்ஸின் (ஸாஸ் ஃபைலில் கூப்பிடுகிற ஆயத்த விதித் தொகுப்பு) கிடைக்கிறது. கோட்டின் நிறம், கோட்டின் உயரம், எழுத்தின் அளவு, எழுத்து இடைவெளி, தேர்ந்த டேப்பின் நிறம், தேராத டேப்பின் நிறம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி மாற்றலாம். கிளாஸ் பெயரைத் தொடாமல் முடிகிற வேலையெல்லாம் இங்கே முடியட்டும்.

இந்த இரண்டிலும் முடியாதது வந்தால்தான் பொது ஸ்டைல் ஃபைல். பேடிங்கும் குறைந்தபட்ச அகலமும் அந்த வகை. டேப்-குரூப்புக்கு நம் சொந்தக் கிளாஸ் ஒன்றைக் கொடுத்து, அதற்குக் கீழே மேட்-எம்டிசி-டேப் என்று இரண்டு கிளாஸாக எழுதுங்கள். ஒரே கிளாஸாக எழுதினால் தோற்கும்: மெட்டீரியலின் ஸ்டைல் பக்கத்தில் நம் பொது ஃபைலுக்குப் பிறகு வந்து சேர்கிறது, விதியின் எடை (ஸ்பெசிஃபிசிட்டி) சமம் என்றால் பின்னால் வந்தது ஜெயிக்கும். அந்த இடத்தில் இம்பார்ட்டன்ட் போடத் தோன்றும். ஒரு கிளாஸ் கூடுதலாகப் போட்டாலே தீர்ந்துவிடும்.

கிளாஸ் பெயர்களை நம்பி எழுதியவர்கள் 2022 நவம்பரில் வந்த 15-ஆம் பதிப்பில் அடி வாங்கினார்கள். மேட்-டேப்-லேபிள் என்றிருந்த கிளாஸ் மேட்-எம்டிசி-டேப் ஆனது, உள்ளே எம்டிசி (கூகிளின் மெட்டீரியல் டிசைன் காம்பொனென்ட்ஸ்) பெயர்கள் புதிதாக முளைத்தன. பழைய வடிவம் லெகசி என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓடி, 17-இல் எடுக்கப்பட்டுவிட்டது. டேப்புக்கான கிளாஸ் விதிகளை ஒரே ஃபைலில் வைத்தால் அடுத்த பதிப்பில் தேடி அலைய வேண்டாம்.

அகலக் கணக்கு

இயல்பான அளவுகள்: உயரம் 48 பிக்சல், குறைந்த அகலம் 90, இடமும் வலமும் 24 பிக்சல் பேடிங், எழுத்து 14 பிக்சல். 'மரிக்கொழுந்து' 14 பிக்சலில் ஏறக்குறைய 100 பிக்சல் பிடிக்கும். பேடிங் 48 சேர்த்தால் 150-ஐ ஒட்டி வரும், கிலோ எண் இன்னும் சேரவில்லை. 360 பிக்சல் அகல ஃபோனில் இடமும் வலமும் அம்புக்குறி முளைத்தால், ஒவ்வொன்றும் குறைந்தது 32 பிக்சல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 296. அதாவது நீளப் பெயர் இரண்டுகூட முழுசாக நிற்காது.

பேடிங்கை 12 ஆக்குங்கள், குறைந்த அகலத்தை 72 ஆக்குங்கள். உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஈர விரலுக்கு 48 பிக்சலே கஞ்சத்தனம்தான். கிலோவைப் பெயருக்குப் பக்கத்தில் வைப்பதைவிடக் கீழே இரண்டாவது வரியாக வைத்தால் அகலம் மிச்சமாகும். அப்போது டேப்பின் உயரத்தை 64-க்கு ஏற்றிவிட வேண்டும். டேப்பின் உயரமும் 48 என்று தனியாக எழுதப்பட்டிருப்பதால் உள்ளே இருப்பது வளர்ந்தாலும் பெட்டி வளராது.

பெயரைச் சுருக்கலாமா? சிலர் ஜாவாஸ்கிரிப்டில் ஸ்லைஸ் போட்டு முதல் ஆறு எழுத்தோடு நிறுத்துகிறார்கள். அது எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. 'மரிக்கொழுந்து' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. அதற்குப் பதின்மூன்று குறியீடு. ஆறில் வெட்டினால் டேப்பில் நிற்பது 'மரிக்க'. வியாபாரம் தொடங்குகிற நேரத்தில் கடைக்காரர் கண்ணில் படக்கூடாத சொல். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இன்டில் செக்மென்டரைக் கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்து) முறையில் பயன்படுத்துங்கள். உயிர்மெய்யை உடைக்காமல் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸில் அது 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. எழுத்து உடையாமல் இருக்குமே தவிர, சொல் பொருத்தமாக இருக்கும் என்று அது உத்தரவாதம் தராது. அதனால் டேட்டாபேஸில் குறும்பெயருக்கென்று ஒரு பத்தி வைத்து, எதை எப்படிச் சுருக்குவது என்பதைக் கடைக்காரரிடமே கேட்டு நிரப்புவது நல்லது.

சிஎஸ்எஸ்ஸின் மூன்று புள்ளியால் சுருக்குவது இன்னொரு வழி. மெட்டீரியல் லேபிளை இன்லைன்-ஃப்ளெக்ஸாக வைத்திருப்பதால், அதன்மேலேயே டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எழுதினால் மூன்று புள்ளி வராது, எழுத்து மொட்டையாக வெட்டுப்படும். பெயருக்கு ஸ்பேன் கேட்டது இதற்குத்தான். அந்த ஸ்பேனை பிளாக் ஆக்கி, அதிகபட்ச அகலம் கொடுத்து, ஓவர்ஃப்ளோ ஹிடன், நோ-ரேப், எலிப்சிஸ் மூன்றையும் அதன்மேல் எழுதுங்கள்.

எழுதியதும் அடுத்தது கிளம்பும். எம்டிசியின் லேபிளுக்கு வரி உயரம் 1. ஆங்கிலத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. ஓவர்ஃப்ளோ ஹிடன் சேர்ந்ததும் தமிழில் 'ரி'யின் மேல் கொக்கி, 'க்', 'ந்' இரண்டின் புள்ளி, 'ழு', 'து' இரண்டின் கீழ்ச்சுழி எல்லாம் அரைகுறையாகச் சீவப்படும். எந்த அளவுக்கு என்பது ஃபான்டைப் பொறுத்தது. விண்டோஸில் சரியாகத் தெரிந்தது ஆண்ட்ராய்டில் புள்ளியில்லாமல் நிற்கலாம். புள்ளி போனால் 'க்' 'க' ஆகிவிடும், படிப்பவர் தடுமாறுவார். ஸ்பேனுக்கு வரி உயரம் 1.6 கொடுங்கள். சோதிக்க 'மல்லிகை' போதாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற சொல் வேண்டும், 'மரிக்கொழுந்து' அதற்கென்றே வாய்த்த பெயர்.

இடைவெளி, தடிமன், ஃபான்ட்

மெட்டீரியல் 2 தீமில் டேப் எழுத்து பட்டனின் அளவுகளைக் கடன் வாங்குகிறது. அதில் எழுத்து இடைவெளி ஏறக்குறைய 0.09 எம் (எழுத்தளவின் பங்கு), 14 பிக்சலுக்கு 1.25 பிக்சல். ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக வைத்தது அது. தமிழ்ச் சொல்லில் எழுத்தெல்லாம் கை விட்டுப் பிரிந்து நிற்கும், இடமும் வீண். எட்டு எழுத்துக்குப் பத்துப் பிக்சல் போய்விடும். சுழியம் ஆக்குங்கள். மெட்டீரியல் 3-இல் 0.1 பிக்சல்தான், தொந்தரவில்லை.

ரோபோட்டோவில் தமிழ் கிடையாது. பிரவுசர் தன் இஷ்டத்துக்கு வேறு ஃபான்ட் எடுக்கும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. நிர்மலாவில் 500 தடிமன் கிடையாது, 400-க்கு இறங்கிவிடும். ஆகவே தேர்ந்த டேப்புக்கு 500, மற்றதுக்கு 400 என்று வேறுபடுத்தினால் கடைக் கம்ப்யூட்டரில் வேறுபாடே தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழை வெப்ஃபான்டாகவே கொடுத்துவிடுவது மேல்.

தேர்ந்த டேப்பை 700-க்குத் தடித்தால் வேறொன்று: சொல்லின் அகலம் கூடி, பக்கத்து டேப்களெல்லாம் ஒவ்வொரு தட்டலுக்கும் அசைந்து நகரும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று போதும். பெயர் ஸ்பேனுக்கு டேட்டா-பெயர் என்று ஒரு அட்ரிபியூட் கொடுத்து, ஆஃப்டர் சூடோ-எலிமென்டில் அதையே தடித்த எழுத்தில், பிளாக்காக, உயரம் சுழியம், விசிபிலிட்டி ஹிடன் என்று வைத்தால், தடித்த சொல்லுக்கான இடம் எப்போதும் பிடித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஃபான்ட் மாற்றுகிறவர்கள் பொதுவாகச் செய்கிற காரியம், நட்சத்திரக் குறி போட்டு எல்லா எலிமென்டுக்கும் தமிழ் ஃபான்டை இம்பார்ட்டன்டோடு திணிப்பது. உடனே டேப்பிலிருக்கும் ஐகான் 'ஹோம்', 'டெலிட்' என்று ஆங்கில எழுத்தாக விரிந்து நிற்கும். மெட்டீரியல் ஐகான் என்பதே லிகேச்சர் ஃபான்ட். அந்தச் சொல்லைப் படமாக மாற்றுவது அந்த ஃபான்ட்தான். ஃபான்டை தீம் வழியாகக் கொடுங்கள்.

கிலோ எண்ணுக்கு மேட்-பேட்ஜ் வேண்டாம். அது மூலையில் மிதக்கிற வட்டம். வரிசையின் பெட்டி ஓவர்ஃப்ளோ ஹிடன் என்பதால் மேல் ஓரம் வெட்டுப்பட வாய்ப்பு அதிகம், நாலு இலக்கம் அதற்குள் அடங்கவும் செய்யாது. வெறும் ஸ்பேன் போதும். டேபுலர்-நம்ஸ் (எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம்) போட்டால் எண் மாறும்போது அகலம் துள்ளாது. முகூர்த்த நாளில் இலக்கம் ஒன்று கூடும் என்பதை நினைத்துக் குறைந்த அகலமும் கொடுத்துவிடுங்கள். டெசிமல் பைப்புக்குத் தமிழ் லொக்கேல் டேட்டாவைப் பதிவு செய்தால் 1,25,000 என்று லட்சக் கணக்கில் வரும். பதிவு செய்யாமல் கேட்டால் பிழை எறியும்.

அம்புக்குறியும் உருட்டலும்

இப்போது அந்த அளக்கிற விஷயம். தலைப்பின் எழுத்து மாறினால் மெட்டீரியல் தானே கவனித்துத் திரும்ப அளக்கும். அதற்குள் ஒரு அப்சர்வர் இருக்கிறது. அது ஒப்பிட்டுப் பார்ப்பது எழுத்தை மட்டும். டேப்பின் அளவைக் கவனிக்கிற ரீசைஸ் அப்சர்வர் இப்போதைய பதிப்புகளில் தனியாக இருக்கிறது, பழைய பதிப்புகளில் இல்லை. அந்தப் பழைய பதிப்புகளில் வெப்ஃபான்ட் தாமதமாக வந்து அதே சொல் அகலமானால் எழுத்து மாறவில்லை, கணக்கும் மாறாது. விளைவு: கடைசி டேப் பாதி மறைந்திருக்கும், அம்புக்குறி இருக்காது. நெட்வொர்க் நன்றாக இருக்கிற ஆபீஸில் இது தெரியவே தெரியாது, ஃபான்ட் கேஷில் இருக்கும். அங்கே டாக்குமென்டின் ஃபான்ட்ஸ்-ரெடி ப்ராமிஸ் முடிந்ததும், திரும்ப அளக்கச் சொல்லும் டேப்-குரூப்பின் அப்டேட்-பேஜினேஷனை ஒருமுறை கூப்பிட்டால் சரியாகும். சிஎஸ்எஸ் கிளாஸ் மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்போதும் இதே மருந்துதான். ஆனால் அது செலவான அழைப்பு, பக்கம் முழுவதையும் அளக்க வைக்கும். விலை மாறுகிற ஒவ்வொரு முறையும் கூப்பிடாதீர்கள்.

அடிக்கோட்டுக்குத் தனி மருந்து, ரீஅலைன்-இங்க்-பார். பழைய பதிப்பில் வரிசைக்கு ஒரே கோடு, இடமும் அகலமும் பிக்சலில் எழுதப்படும். அது விலகி நிற்பது வாடிக்கை. 15-க்குப் பிறகு ஒவ்வொரு டேப்புக்குள்ளும் அதன் கோடு இருக்கிறது, பெட்டி வளர்ந்தால் கூடவே வளரும். பழைய பதிவுகளைப் பார்த்து செட்-டைமவுட்டுக்குள் இதைக் கூப்பிடும் பழக்கத்தை இனி விட்டுவிடலாம்.

ஃபோனில் தலைப்பு வரிசையை விரலால் தள்ளிப் பார்த்தால் நகராது. மெட்டீரியல் அதை டிரான்ஸ்ஃபார்மால் நகர்த்துகிறது, பிரவுசரின் உருட்டல் அல்ல. எல்லோரும் விரலால் தள்ளத்தான் முயல்வார்கள். அதனால் டிசேபிள்-பேஜினேஷன் (அம்புக்குறி நகர்த்தலை நிறுத்தும் பண்பு) கொடுத்து, ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ போடுகிற வழி நியாயமானதே. எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். லேபிள்-கன்டெய்னர் என்ற வெளிப்பெட்டியில் போட்டால் உருளும். ஆனால் கடைசி டேப்பைத் தட்டியதும் வரிசை தொடக்கத்துக்கே ஓடிவிடும். ஃபோகஸ் மாறும்போதெல்லாம் மெட்டீரியல் அந்தப் பெட்டியின் ஸ்க்ரோல்-லெஃப்டைச் சுழியத்துக்குத் திருப்புகிறது, நகர்த்துவது தன் வேலை என்ற நினைப்பில். அதற்குள்ளே இருக்கும் டேப்-லிஸ்ட்டின்மேல் போடுங்கள், அதை அது தொடுவதில்லை.

பேஜினேஷனை நிறுத்தியதால் தேர்ந்த டேப்பைக் கண்ணுக்குள் கொண்டுவருகிற பொறுப்பும் நம்மிடம் வந்துவிடுகிறது. தேர்ந்த குறியெண் மாறும் நிகழ்வில் அந்த டேப்பின்மேல் ஸ்க்ரோல்-இன்டு-வியூ கூப்பிடுங்கள். இன்லைன், பிளாக் இரண்டுக்கும் 'நியரஸ்ட்'. பிளாக்கை விட்டுவிட்டால் பக்கமே மேலும் கீழும் எகிறும்.

தலைப்புக்குள் பட்டனும் இன்புட்டும்

மூடும் குறி, பெயர் மாற்றும் பெட்டி இரண்டையும் தலைப்புக்குள் கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம்.

இன்புட் வைத்தால் விசைகள் மோதிக்கொள்ளும். வரிசை முழுவதும் விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்பேஸும் என்டரும் டேப்பைத் தேர, இடவல அம்பும் ஹோம், எண்டும் டேப் தாண்ட.  இன்புட்டின் கீ-டவுன் நிகழ்வில் ஸ்டாப்-ப்ராபகேஷன் போட்டால் தீரும்.

மூடும் குறியைத் தட்டினால் அந்த டேப் தேரப்படவும் செய்யும், மூடவும் செய்யும். கிளிக்கிலும் ஸ்டாப்-ப்ராபகேஷன் வேண்டும். ஆனால் அங்கே பெரிய குறை வேறு. அரியா (திரையை வாசித்துச் சொல்லும் கருவிகளுக்கான குறிப்பு முறை) விதிப்படி 'டேப்' என்ற பங்கின் உள்ளே இருப்பவை வெறும் தோற்றமாகத்தான் கொள்ளப்படும். உள்ளே நிஜ பட்டனே வைத்தாலும் ஸ்கிரீன் ரீடருக்கு அது பட்டனாகப் போய்ச் சேராது. டெலிட் விசைக்கு மூடும் வேலையைக் கொடுங்கள், டேப்பின் உள்ளடக்கத்தில் தனியாக ஒரு 'மூடு' பட்டனும் வையுங்கள். பூக்கடைத் திரைக்கு மூடும் குறியே தேவையில்லை என்பது என் கட்சி. ஈரவிரல் பட்டு அரளி காணாமல் போனால் யார் தேடுவது?

எண்ணை மட்டும் ஒலித்தால் '240' எதன் 240 என்று தெரியாது. மேட்-டேப்பின் அரியா-லேபிளில் 'மரிக்கொழுந்து, 240 கிலோ' என்று முழுசாகக் கொடுங்கள்; அது உள்ளே எழுதியதை மூடிவிடும் என்பதால் எண் மாறும்போது இதுவும் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் லாங் பண்பில் 'டிஏ' இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் என்று நம்ப முடியாது.

நிறம் கடைசி. தேராத டேப்பைச் சாம்பலாக்குவது அழகு. ஆனால் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் கீழே போகக்கூடாது. வெயில் ஏறியதும் திறந்த வெளியில் பார்க்கிற ஃபோனுக்கு அதுவும் குறைவுதான். தேர்ந்ததைக் காட்ட நிறத்தோடு கோடும் இருக்கட்டும். 2 பிக்சல் கோட்டை 3 ஆக்கினால் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு பூவுக்கும் தனி முகவரி வேண்டி ரவுட்டரோடு இணைக்கிறவர்கள் டேப்-குரூப்பை விட்டு மேட்-டேப்-நேவ்-பாருக்குப் போக வேண்டும். அங்கே இங்-டெம்ப்ளேட் தேவையில்லை, இணைப்புக்குள் நேரடியாக எழுதலாம். கிளாஸ் மேட்-எம்டிசி-டேப்-லிங்க், ஆகவே மேலே எழுதிய பேடிங் விதிகளில் அந்தப் பெயரையும் சேர்க்க வேண்டும். டேப்-பேனல் பண்பில் ஒரு மேட்-டேப்-நேவ்-பேனலைக் கொடுத்து, ரவுட்டர்-அவுட்லெட்டை அதற்குள் வையுங்கள்.